ஒரு லட்ச ரூபாய் சேல்ஸ் சான்றிதழ்: சேருவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி கேட்டவரின் நிலைமை இது. திருப்பூர்க்காரர், பி.காம்., வயது 26. சோப்பு, பிஸ்கட் போன்ற அன்றாடப் பொருட்களை (எஃப்எம்சிஜி) கடைகளுக்கு அனுப்பும் ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் மூன்று வருடமாக சேல்ஸ் ரெப். கைக்கு வருவது மாதம் 22,000 ரூபாய், இன்சென்டிவ் தனி. ஆறு மாத ஆன்லைன் சேல்ஸ் சான்றிதழ் படிப்பு ஒன்றுக்கு 85,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் கேட்கிறார்கள், ஈஎம்ஐ உண்டு என்கிறார்கள். இதில் சேர்ந்தால் சாஃப்ட்வேர் கம்பெனி சேல்ஸுக்கு மாற முடியுமா, இல்லை இருக்கும் துறையிலேயே மேலே போகவாவது உதவுமா என்று கேட்டிருக்கிறார்.

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்த விலைக்கு, இப்போதைக்கு, சேர வேண்டாம். சான்றிதழ் என்றாலே வீண் என்பது என் கருத்து அல்ல. சில சான்றிதழ்கள் இல்லாமல் சில வேலைகளுக்குள் கால் வைக்கவே முடியாது. ஆனால் எந்த வேலைக்குப் போகப்போகிறோம் என்பது முடிவாகாமல் படிப்பை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற வேலையைத் தேடினால் பணம் கரையும். நான் எஃப்எம்சிஜியில் தொடங்கி சாஃப்ட்வேர் விற்பனைக்கு மாறியவன். இரண்டு பக்கமும் ஆள் எடுத்திருக்கிறேன். வேலை விளம்பரத்தில் பெயர் சொல்லிக் கேட்காத ஒரு சான்றிதழுக்காக மட்டும் ஒருவரை எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

முதலில் செலவைப் பார்ப்போம். 85,000-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 15,300. மொத்தம் 1,00,300 ரூபாய். பன்னிரண்டு மாத ஈஎம்ஐ என்றால் வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 8,358 கட்ட வேண்டும். 22,000 சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே போய்விடும். இந்தக் கணக்கில் வராத இன்னொரு செலவும் இருக்கிறது. ஃபீல்டு சேல்ஸில் மாதக் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். க்ளோசிங், கலெக்‌ஷன், டார்கெட் இடைவெளியை அடைக்க இரவு எட்டு மணி வரை கடை கடையாக அலைச்சல். அந்த நேரத்தில் லைவ் கிளாஸ் என்றால், ஒன்று வகுப்பு போகும், இல்லை இன்சென்டிவ் போகும். அந்த இன்சென்டிவையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

அடுத்து, போட்ட பணம் எப்போது திரும்பும்? படிப்பால் உங்கள் மாதச் சம்பளம் 3,000 கூடினால் 1,00,300 திரும்ப 33 மாதத்துக்கு மேல் ஆகும். 10,000 கூடினால் பத்து மாதம். விளம்பரங்கள் எப்போதும் இரண்டாவது கணக்கைத்தான் காட்டும். ஆனால் எந்தக் கூடுதலை இங்கே எண்ண வேண்டும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மூன்று வருட அனுபவம் உள்ள ரெப் வேறு கம்பெனிக்கு மாறினாலே சம்பளம் கொஞ்சம் ஏறும். அது படிக்காமலேயே வந்திருக்கும். படித்ததால் மட்டும் அதற்கு மேல் எவ்வளவு வருகிறது என்பதைத்தான் இந்த ஒரு லட்சத்துக்கு எதிரே வைக்க வேண்டும். அப்படி வைத்துப் பார்த்தால் பல படிப்புகள் தேறாது.

சரி, எங்கே சான்றிதழ் கட்டாயம்? சட்டம் கேட்கும் இடத்தில். மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டுமானால், வங்கியின் ஊழியராக இருந்தாலும் தனி விநியோகஸ்தராக இருந்தாலும், என்ஐஎஸ்எம் நடத்தும் ஐந்து-ஏ தேர்வில் தேற வேண்டும். என்ஐஎஸ்எம் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2006-ல் நிறுவிய கல்வி நிறுவனம். நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், ஐம்பது மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறான பதிலுக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். கட்டணம் சுமார் 1,500 ரூபாய். மூன்று வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆக ஐசி-38 தேர்வு. அதில் ஐம்பது கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் போதும், தமிழிலேயே எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் பதினைந்து மணி நேரப் பயிற்சியோடு எளிய பாலிசிகளை விற்கும் பிஓஎஸ்பி என்ற வழியும் காப்பீட்டில் இருக்கிறது.

வேலைச் சந்தையில் நிச்சயமான மதிப்புள்ள சான்றிதழ்கள் இவைதான், செலவும் மிகக் குறைவு. வங்கி, காப்பீடு, பங்குச் சந்தை சார்ந்த விற்பனைக்குப் போகும் எண்ணம் இருந்தால், ஒரு லட்சம் கட்டுவதற்குப் பதில் என்ஐஎஸ்எம் தேர்வை எழுதி முடித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போங்கள். எடுத்த பிறகு தேர்வு எழுத வைக்க வேண்டிய ஆளைவிட, முதல் நாளே விற்கத் தகுதியான ஆளை அந்தக் கிளை மேலாளருக்குப் பிடிக்கும்.

அடுத்து, நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் ஒன்று. சேல்ஸ்ஃபோர்ஸ் சான்றிதழை சேல்ஸ் வேலைக்கான சான்றிதழ் என்று நினைத்து என்னிடம் கேட்டவர்கள் பலர். சேல்ஸ்ஃபோர்ஸ் என்பது ஒரு அமெரிக்க நிறுவனத்தின் சிஆர்எம் மென்பொருள், அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் அவர்களோடு நடந்த பேச்சையும் பதிந்து வைப்பது. அதன் அட்மினிஸ்ட்ரேட்டர் தேர்வு, அந்த மென்பொருளைக் கம்பெனிக்குத் தகுந்தபடி அமைத்துப் பராமரிப்பவருக்கானது. கட்டணம் 200 டாலர், தவறினால் மறுபடி எழுத 100 டாலர், வரி தனி. படிப்பதற்கு அவர்களுடைய ட்ரெயில்ஹெட் தளம் இலவசம். விற்பனையிலிருந்து விலகி, விற்பனைத் தரவு, ரிப்போர்ட், சிஸ்டம் என்று மேசை வேலைக்குப் போக நினைப்பவருக்கு இது நல்ல வழி, வேலை விளம்பரங்களில் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். ஆனால் கஸ்டமரிடம் பேசி விற்கும் வேலைக்கு இது வேண்டியதில்லை. எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள்.

அந்த 85,000 ரூபாய் படிப்பின் பாடத்திட்டத்தை அனுப்பியிருந்தீர்கள். லீட் (வாங்க வாய்ப்புள்ளவர்) கண்டுபிடிப்பது, கோல்ட் கால் (முன்பின் தெரியாதவருக்கு போன் செய்வது), மின்னஞ்சல் எழுதுவது, மறுப்புகளுக்குப் பதில் சொல்வது, பேரம், சிஆர்எம் அறிமுகம். இதில் பெரும்பகுதி, சிஆர்எம் மென்பொருள் கம்பெனியான ஹப்ஸ்பாட்டின் அகாடமி தளத்தில் இலவசமாக இருக்கிறது, சான்றிதழும் இலவசம்தான். என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் மார்க்கெட்டிங், மேலாண்மைப் பாடங்களைக் காசு கொடுக்காமல் பார்க்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய். கோர்செராவில் சேல்ஸ்ஃபோர்ஸும் ஹப்ஸ்பாட்டும் நடத்தும் தொடக்க நிலை சேல்ஸ் படிப்புகள் மாதச் சந்தாவில் கிடைக்கும், கட்ட முடியாதவர்கள் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கலாம். இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் முதலில் நான் முதல்வன் திட்டத்தில் தங்கள் கல்லூரிக்கு என்ன படிப்பு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வெளியே தேடுங்கள்.

இலவசமாகக் கிடைப்பதால் அதற்கு மதிப்பில்லை என்று நினைக்காதீர்கள். ஆள் எடுப்பவர் பார்வையில், பெயர் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் ஒரு லட்ச ரூபாய் சான்றிதழைவிட ஹப்ஸ்பாட்டின் இலவசச் சான்றிதழ் ரெஸ்யூமேயில் நன்றாகவே நிற்கும். அது என்னவென்று அவருக்குத் தெரியும் என்பதுதான் காரணம்.

இனி, ஆள் எடுக்கும்போது உண்மையில் என்ன பார்க்கிறோம் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கு மிகவும் உதவக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன். சேல்ஸ் ஆபீசர் வேலைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். சான்றிதழ் எதுவும் இல்லை. பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு கடை. கடைப் பெயர், கடைசி பில் தொகை, பாக்கி எத்தனை நாள், வார விடுமுறை, ஆர்டர் சொல்வது யார். ஒரு மளிகைக் கடைக்கு எதிரே ‘மதியம் 2 மணிக்கு மேல் அக்கா இருப்பார், அவர்தான் ஆர்டர்’ என்று எழுதியிருந்தான். கைவிட்டுப்போன கடை ஏதாவது உண்டா என்று கேட்டேன். உண்டு என்றான். டேமேஜ் சரக்குக்கான க்ளெய்ம் பல மாதமாக வராததால் ஒரு கடைக்காரர் ஆர்டரை நிறுத்திவிட்டார். இவன் டிஸ்ட்ரிபியூட்டரிடமும் கம்பெனியின் ஏரியா சேல்ஸ் மேனேஜரான ஏஎஸ்எம்மிடமும் மாறி மாறிப் போய் அந்த க்ளெய்மை வாங்கிக் கொடுத்திருக்கிறான். அடுத்த மாதம் கடை திரும்ப பில் போட ஆரம்பித்தது. எந்தத் தேதியில் எவ்வளவு என்று நோட்டைப் புரட்டிக் காட்டினான். அதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும்?

அதே வாரத்தில் வந்த இன்னொருவர் நல்ல சான்றிதழ் வைத்திருந்தார். மறுப்புகளை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஐந்து படிகள் சொன்னார், சொன்னதில் தப்பே இல்லை. போன காலாண்டில் டார்கெட் எவ்வளவு, எவ்வளவு முடித்தீர்கள் என்று கேட்டபோது தோராயமாகத்தான் பதில் வந்தது. அவர் திறமை குறைந்தவர் என்று நான் சொல்ல மாட்டேன். தன் வேலையை அவர் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எங்களிடம் அவரைப் பற்றித் தீர்மானிக்க வேறு எதுவும் இல்லாமல் போய்விட்டது.

அதனால் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன். கடந்த பன்னிரண்டு மாத டார்கெட், சாதித்தது, இன்சென்டிவ் ஸ்லிப் எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஏற்றுங்கள். பீட்டில் (நீங்கள் சுற்றும் கடைகளின் வரிசை) எத்தனை கடை, அதில் ப்ரொடக்டிவ் கால் (ஆர்டர் கிடைத்த விசிட்) எத்தனை, புதிதாகத் திறந்த கடைகள் எத்தனை, பாக்கி வசூல் எப்படி, ஒரு பில்லுக்கு எத்தனை லைன் (தனித்தனிப் பொருள்) என்று மாதவாரியாக எழுதுங்கள். கம்பெனியின் ரகசிய விலைகளையும் கடைக்காரர்களின் போன் எண்களையும் சேர்க்க வேண்டாம், உங்கள் சொந்த எண்கள் போதும். இதைக் கையில் வைத்துக்கொண்டு போகும் ரெப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எஃப்எம்சிஜியிலேயே மேலே போக நினைத்தால் இந்தச் சான்றிதழ் உதவாது என்றே சொல்வேன். டிஸ்ட்ரிபியூட்டர் சம்பளத்திலிருந்து கம்பெனி சம்பளத்துக்கு மாறுவதுதான் உங்களுடைய அடுத்த படி, அதற்கு உங்கள் ஏஎஸ்எம்மின் சிபாரிசும் மேலே சொன்ன எண்களும்தான் வேண்டும். அதற்கும் மேலே ஏஎஸ்எம் ஆகும்போது பெரிய கம்பெனிகளில் எம்பிஏ ஒரு வடிகட்டியாக நிற்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் அந்த வடிகட்டியைத் தாண்டாது. இக்னோ போன்ற பல்கலைக்கழகத்தின் தொலைநிலை எம்பிஏவை இதைவிட அதிகம் செலவில்லாமல் முடிக்கலாம். இரண்டு வருடம் ஆகும், கஷ்டம்தான், ஆனால் யுஜிசி அங்கீகாரம் உள்ள பட்டம் வாழ்நாள் முழுக்கத் தகுதிப் பட்டியலில் இருக்கும். சேருவதற்கு முன் அந்தப் படிப்புக்கு யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் விற்பனைக்கு மாறுவது வேறு கதை. ஜோஹோவும் ஃபிரெஷ்வொர்க்ஸும் சென்னையிலிருந்து வளர்ந்தவை. ஃபிரெஷ்வொர்க்ஸ் 2010-ல் தொடங்கி 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக்கில் பட்டியலானது. இப்படிப்பட்ட கம்பெனிகளும் இவற்றைப் பார்த்து எழுந்த சிறிய கம்பெனிகளும் சென்னையிலும் கோவையிலும் விற்பனைக்கு ஆள் எடுக்கின்றன. உங்களைப் போன்றவர் நுழையக்கூடிய வேலை எஸ்டிஆர் (சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்). வாடிக்கையாளர் ஆகக்கூடிய கம்பெனிகளைத் தேடி, போன், மின்னஞ்சல், லிங்க்ட்இன் வழியாகப் பேசி, டெமோவுக்கு நேரம் வாங்கிக் கொடுப்பது. வாடிக்கையாளர் அமெரிக்காவில் என்றால் வேலை நேரம் சாயங்காலம் தொடங்கி நள்ளிரவு தாண்டும். குடும்பத்தில் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அங்கே உங்களைத் தடுக்கப்போவது சான்றிதழ் இல்லாதது அல்ல. ஆங்கிலத்தில் தயங்காமல் பேசுவது, நாலு வரியில் தெளிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுவது, சிஆர்எம் பழக்கம், இந்த மூன்றும் இல்லாததுதான் தடுக்கப்போகிறது. கடை கடையாக ஏறி ‘வேண்டாம்’ கேட்டுப் பழகிய உங்களுக்கு மனத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரியிலிருந்து நேரே வருபவர்களுக்கு இல்லாதது அது. பணம் செலவழிக்க மனம் இருந்தால் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்கு, அதுவும் ஒருவரோடு ஒருவர் பேசிப் பழகும் வகுப்புக்குச் செலவழியுங்கள். சிஆர்எம் பழக்கத்துக்கு ஒரு வழி: ஜோஹோ சிஆர்எம்மில் மூன்று பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தும் பதிப்பு இருக்கிறது. அதில் உங்கள் பீட்டைப் போலவே கற்பனையாக நாற்பது கடைகளை உருவாக்குங்கள். புதுக் கடை, பேசியாச்சு, சாம்பிள் கொடுத்தாச்சு, முதல் பில் என்று ஒரு பைப்லைன் போட்டு, இரண்டு மாதம் தினமும் அப்டேட் செய்யுங்கள். இன்டர்வியூவில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டுங்கள். ஒரு லட்ச ரூபாய் படிப்பில் சிஆர்எம்முக்கு ஒதுக்கும் நேரத்தைவிட இது அதிகம்.

துபாய் போகும் திட்டத்தோடு கேட்பவர்களுக்கும் இடையில் ஒரு வார்த்தை. அங்கே சேல்ஸ் வேலைக்கு அதிகம் கேட்பது முறையாக அட்டெஸ்ட் செய்த பட்டச் சான்றிதழும் அந்நாட்டு டிரைவிங் லைசென்ஸும்தான். பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் படிப்பில் சேர ஆசை இருந்தால், பணம் கட்டும் முன் அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். போன பேட்ச்சில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தக் கம்பெனியில், எந்தப் பதவியில்? சராசரி சம்பளம் ஆறு லட்சம் என்றால் அதில் நிலையானது எவ்வளவு, டார்கெட்டை முடித்தால் வருவது எவ்வளவு? 4,20,000 நிலையானதும் 1,80,000 மாறுவதும் என்றால், டார்கெட் முடியாத மாதத்தில் பிடித்தத்துக்கு முன்பே 35,000-தான் சம்பளம். முடித்த மாணவர்கள் சிலரிடம் நீங்களாகவே லிங்க்ட்இன்னில் தேடிப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் எண்களில் அல்ல. நான் பார்த்த வரையில், இப்படிப் படித்தவர்களில் கணிசமானவர்கள் போய்ச் சேர்ந்த இடம் இன்னொரு படிப்பை போனில் விற்கும் வேலை. அது கௌரவமான வேலைதான், ஆனால் அதற்கு ஒரு லட்சம் கட்டியிருக்க வேண்டியதில்லை.

வேலை உறுதி, சம்பள உயர்வு உறுதி என்று பயிற்சி நிறுவனங்கள் பொய்யாக விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட் உதவி’ என்று போட்டிருந்தால் உங்கள் ரெஸ்யூமேயைச் சில இடங்களுக்கு அனுப்புவார்கள் என்பதற்கு மேல் அதில் கடமை எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை வரி வரியாகப் படியுங்கள்.

ஈஎம்ஐ பற்றியும் கவனமாக இருங்கள். வட்டியில்லா ஈஎம்ஐ என்று சொன்னாலும் பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன். பணம் மொத்தமாகப் பயிற்சி நிறுவனத்துக்குப் போய்விடும். நீங்கள் இரண்டாவது மாதம் வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் விழும், நாளை வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்கும்போது அது முன்னே வந்து நிற்கும். ஓடிபி சொல்வதற்கு முன் கடனின் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. போனில் அவசரப்படுத்தினால், இன்றைக்கு மட்டும் சலுகை என்றால், அன்றைக்குச் சேராதீர்கள். அவர்களும் மாதக் கடைசி டார்கெட்டில்தான் இருக்கிறார்கள், நீங்களும் சேல்ஸ்காரர், புரியும்.

காசு கொடுத்துப் படிக்கச் சொல்லும் சந்தர்ப்பங்களும் உண்டு. உங்கள் கம்பெனியே கட்டணத்தைக் கொடுக்கிறது, அதற்காக நீண்ட பாண்ட் கேட்கவில்லை என்றால் தயங்காமல் சேருங்கள். நீங்கள் குறி வைத்த பத்து வேலை விளம்பரங்களில் நாலைந்தாவது ஒரு சான்றிதழைப் பெயர் சொல்லிக் கேட்டால் அதை எடுங்கள். குழந்தை பிறப்புக்காகச் சில வருடம் வேலையை விட்டுத் திரும்பும் பெண்களுக்கு, அண்மைத் தேதியோடு ஒரு மலிவான, எல்லோருக்கும் தெரிந்த சான்றிதழ் நிச்சயம் உதவுகிறது. ரெஸ்யூமேயின் முதல் பார்வையிலேயே இடைவெளியைப் பற்றிய கேள்வி சற்று மட்டுப்படும். இந்த மூன்றிலும் உங்கள் நிலைமை இப்போது வரவில்லை.

ஏற்கெனவே இடம் பிடிக்க முன்பணம் கட்டிவிட்டதாகக் கேள்வியின் கடைசியில் சொல்லியிருந்தீர்கள். ரீஃபண்ட் விதியில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். அந்த நாளுக்குள் போனில் இல்லாமல் மின்னஞ்சலில் விலகல் எழுதுங்கள், கட்டிய ரசீதை இணையுங்கள். ஈஎம்ஐ கடன் ஒப்புதல் ஆகியிருந்தால் அந்த நிதி நிறுவனத்துக்கும் தனியாக எழுதுங்கள். பதில் வராவிட்டாலோ இழுத்தடித்தாலோ தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம், தமிழிலும் பேசலாம்.